வீட்டில் செய்யும் சர்க்கியூட் போர்டு: அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாழான பலகையோடு என் வீட்டுப் பின்கட்டுக்கு வரும் மாணவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "ஃபெரிக் குளோரைடு சரியில்லை, சார்." லேசர் பிரிண்டரின் கறுப்புத் தூளான டோனரை இஸ்திரிப் பெட்டியால் செம்பு பூசிய பலகையில் ஒட்டவைத்த பிறகு, டோனர் மூடாத செம்பைத் தட்டில் அரித்தெடுக்கும் கரைசல்தான் அது. பலகையை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். செம்பின் மேல் கட்டைவிரல் ரேகை அச்சுப் போட்டதுபோல் தெரியும். கரைசல் ஒரு குற்றமும் செய்யவில்லை. பலகையைத் தேய்த்துக் கழுவிய பிறகு யாரோ விரலால் தொட்டிருக்கிறார்கள். அந்த எண்ணெய்ப் பிசுக்கின் மேல் டோனர் பிடிக்கவில்லை. பிடிக்காத இடத்தைக் கரைசல் தின்றுவிட்டது.

இந்த வேலையில் கோளாறு கண்ணுக்குத் தெரியும் இடமும் அது பிறந்த இடமும் பெரும்பாலும் வேறு வேறு. தட்டில் தெரிவது தேய்ப்பில் பிறந்திருக்கும். பற்றவைக்கும்போது தெரிவது கழுவியதில் பிறந்திருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணங்களைச் செலவில்லாததிலிருந்து செலவு மிக்கதை நோக்கி வரிசைப்படுத்தியிருக்கிறேன். அந்த வரிசையிலேயே பாருங்கள். புதுக் கரைசல் வாங்கக் கடைக்கு ஓடுவது கடைசி வேலை.

இங்கே சொல்வதெல்லாம் ஒருபக்கப் பலகைக்கு: லேசர் பிரிண்டரிலோ ஜெராக்ஸ் கடையிலோ எடுத்த படம், இஸ்திரிப் பெட்டி, ஃபெரிக் குளோரைடு.

அறிகுறி 1: தாளை எடுத்ததும் டோனரும் கூடவே வந்துவிடுகிறது

முதலில் எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். இடத்தைப் பொறுத்துக் காரணம் மாறும்.

*ஒரு கோடுகூட ஒட்டவில்லை என்றால்*

படம் இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்ததா? அப்படியானால் எவ்வளவு சூடு காட்டினாலும் ஒட்டாது. உருகி ஒட்டுவது டோனரில் இருக்கும் பிளாஸ்டிக்தான். மையில் அது கிடையாது. ஈர விரலால் தாளில் ஒரு கோட்டைத் தேய்த்தால் கலைந்து பரவும். அப்படிப் பரவினால் அது மை.

லேசர் படம்தான் என்றால் அடுத்துச் சூடு. இஸ்திரிப் பெட்டியைப் பருத்தித் துணிக்கான அளவில் வையுங்கள். நீராவிப் பெட்டியானால் தண்ணீரை முழுவதும் கொட்டிவிடுங்கள். அடியில் என்ன வைத்துத் தேய்க்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். கிரானைட் மேடையின் மேல் வைத்துத் தேய்த்தால் சூட்டைக் கல் குடித்துவிடும். ஒரு மரப்பலகையும் அதன்மேல் மடித்த பழைய பருத்தித் துணியும் போதும். முதல் அரை நிமிடம் பெட்டியை அசைக்காமல் அழுத்திப் பிடியுங்கள். தாள் ஒட்டிக்கொண்ட பிறகு மூன்று நான்கு நிமிடம், பெட்டியின் முனையால் ஒவ்வோர் அங்குலமாக அழுத்திப் போங்கள்.

*அங்கங்கே திட்டுத் திட்டாக வந்திருந்தால்*

அது தேய்ப்புக் குறை. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரில் கொஞ்சம் சோப்புத் தூள் போட்டு, வட்டம் வட்டமாக, செம்பு புதுக் குத்துவிளக்குபோல் ஆகும்வரை தேயுங்கள். பிறகு ஒரு சோதனை. பலகையைக் குழாயடியில் பிடித்து எடுத்து, செங்குத்தாக நிறுத்துங்கள். தண்ணீர் ஒரே படலமாக மேலிருந்து கீழ்வரை நின்றால் பலகை சுத்தம். படலம் கிழிந்து முத்து முத்தாகத் திரண்டால் அந்த இடத்தில் எண்ணெய் இருக்கிறது, மறுபடியும் தேயுங்கள். காசில்லாத இந்த அரை நிமிடச் சோதனையைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகமாகப் பலகையை வீணாக்குகிறார்கள் என்பது இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது. கடைசியாக ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு துடைப்பு. துணியில் கறுப்பு வரக்கூடாது. அதன்பின் பலகையை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள்.

*ஓரங்களில் மட்டும் வந்திருந்தால்*

பலகையை வெட்டும்போது விளிம்பில் எழும்பிய பிசிறு தாளைத் தூக்கிப் பிடிக்கிறது. அரத்தால் நான்கு விளிம்பையும் லேசாகச் சரிவாக்கினால் போதும்.

*எல்லாம் சரியாகச் செய்தும் வந்தால்*

இப்போது தாளைச் சந்தேகியுங்கள். பலகையைச் சூட்டோடு தண்ணீரில் போடாமல் கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு, சோப்பு சொட்டிய தண்ணீரில் 20 நிமிடம் ஊறவையுங்கள். தாளை உரிக்கவே கூடாது. ஊறிக் கூழானதைக் கட்டைவிரலால் உருட்டி எடுக்கவேண்டும். வழவழப்பான வார இதழ்த் தாள் இதற்கு நன்றாக வரும். அதில் ஏற்கெனவே அச்சாகியிருக்கும் எழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அது செம்புக்கு வராது. தடித்த போட்டோ தாளில் சில வகை, சூட்டில் பிளாஸ்டிக்காக உருகிப் பிரிண்டரின் உருளையிலேயே ஒட்டிக்கொள்ளும். லேசருக்கானது என்று உறையில் போட்டிருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

தாளும் சரி என்றால் கடைசிச் சந்தேகம் டோனர். சில பிரிண்டர்களின் டோனர் உருக அதிகச் சூடு கேட்கும். பிரிண்டரை மாற்றவேண்டாம், அதே படத்தை வேறொரு ஜெராக்ஸ் கடையில் இரண்டு பிரதி, அச்சு அடர்த்தியைக் கூட்டி எடுத்துப் பாருங்கள்.

அறிகுறி 2: டோனர் ஒட்டியது, ஆனால் கோடுகள் நசுங்கி ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன

சூடோ அழுத்தமோ கூடிவிட்டது, அல்லது தேய்க்கும்போது தாள் நகர்ந்துவிட்டது. நகர்ந்திருந்தால் எல்லாக் கோடும் ஒரே திசையில் இரட்டையாகத் தெரியும். நசுங்கியிருந்தால் எல்லாப் பக்கமும் அகன்றிருக்கும். முதலாவதுக்குத் தாளின் இரு ஓரங்களையும் பலகையின் பின்புறம் மடித்து, சூடு தாங்கும் நாடாவால் ஒட்டுங்கள். இரண்டாவதுக்கு நேரத்தை ஒரு நிமிடம் குறையுங்கள்.

ஓரிரண்டு இடத்தில்தான் சேர்ந்திருக்கிறது என்றால் குண்டூசி முனையால் கீறிப் பிரித்துவிடலாம். பத்து இடத்துக்கு மேல் என்றால் அசிட்டோனால் முழுவதையும் துடைத்துவிட்டு மறுபடியும் தொடங்குங்கள். செம்பு அப்படியேதான் இருக்கிறது, ஒரு தாள்தான் நட்டம். இந்தக் கட்டத்தில் மனம் இரங்கி "பரவாயில்லை, தட்டில் போட்டுப் பார்ப்போம்" என்று போனால் பலகையே நட்டம்.

வரைபடத்திலேயே தடம் (மின்சாரம் ஓடும் செம்புக் கோடு) 0.8 மி.மீ., இடைவெளி 0.5 மி.மீ. என்று வைத்தால் இந்த அறிகுறி அரிதாகவே வரும். 0.3 மி.மீ.க்கும் கீழே தடம் தேவைப்படும் சுற்று என்றால் இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டாதீர்கள். அதைப் பலகை தயாரிக்கும் நிறுவனத்திடம் கொடுப்பதே மலிவு.

அறிகுறி 3: ஐ.சி. (பல கால்கள் கொண்ட மின்னணுச் சில்லு) பொருந்தவில்லை

*கால்கள் துளைக்குள் நுழையவில்லை என்றால்*

பிரிண்டர் படத்தைச் சுருக்கியிருக்கிறது. "தாளுக்குப் பொருத்து" என்ற தேர்வு தானாகவே போட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு 100 சதவீதம் வையுங்கள். இதில் ஒரு வஞ்சகம் உண்டு. 97 சதவீதத்தில் அச்சானால் 8 கால் ஐ.சி. நுழைந்துவிடும்; ஒரு வரிசையின் நீளமே 7.62 மி.மீ., பிசகு கால் மில்லிமீட்டர்கூட இல்லை. 40 கால் ஐ.சி.யில் முதல் காலிலிருந்து இருபதாவது காலுக்கு 48.26 மி.மீ.; அங்கே பிசகு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் ஆகிவிடும். சின்னப் பலகையில் சரியாக வந்தது என்று பெரிய பலகையில் நம்பி ஏமாறுவது இப்படித்தான். இஸ்திரி போடும் முன் ஐ.சி.யைத் தாளின் மேலேயே நிறுத்திப் பாருங்கள், காலும், துளையைச் சுற்றி வரும் செம்பு வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று நிற்கவேண்டும்.

*நுழைகிறது, ஆனால் 1-ஆம் கால் எதிர்ப்பக்கம் வருகிறது என்றால்*

படம் கண்ணாடிப் பிம்பமாகப் போய்விட்டது. இதைத் தடுக்க ஒரே வழி, வரைபடத்தின் செம்புப் பக்கத்தில் ஏதாவது எழுத்தை எழுதிவைப்பது. தாளில் அது இடவலம் மாறித் தெரியவேண்டும். செம்பில் நேராகப் படிக்க வரவேண்டும்.

ஏற்கெனவே அரித்தெடுத்துவிட்டீர்களா? பலகையைத் தூக்கிப் போடாதீர்கள். பாகங்களைச் செம்பு இருக்கும் பக்கமே வைத்துப் பற்றவையுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் சுற்று சரியாகவே இருக்கும். ஐ.சி.யை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கி நிறுத்தினால் காலுக்குப் பற்றவைப்பியின் (சால்டரிங் அயர்ன்) முனை எட்டும். கல்லூரி செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள் இரவு ஒரு மாணவிக்கு இப்படித்தான் ஒரு 555 (நேரம் கணிக்கும் ஐ.சி.) சுற்றைக் காப்பாற்றினோம். பாகமெல்லாம் தடத்தின் மேலேயே உட்கார்ந்திருந்ததால் பார்க்க அழகாக இல்லை. ஆனால் விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

அறிகுறி 4: தட்டில் அரை மணி நேரமாகியும் செம்பு போகவில்லை

ஐந்து நிமிடத்தில் ஒருமுறை பலகையை எடுத்துக் கழுவிப் பாருங்கள். வேலை நடக்கிறது என்றால் திறந்திருக்கும் செம்பு பளபளப்பை இழந்து மங்கிய இளஞ்சிவப்பாக மாறியிருக்கும்.

*எங்குமே மாறவில்லை என்றால்*

கரைசல் குளிர்ந்திருக்கிறது. கரைசல் தட்டை அதைவிடப் பெரிய தட்டில் வெந்நீர் ஊற்றி அதற்குள் வையுங்கள். 40, 45 டிகிரி செல்சியஸ் போதும். அடுப்பில் நேரடியாக ஏற்றக்கூடாது. கிளம்பும் புகை நெஞ்சை அடைக்கும், பக்கத்திலிருக்கும் இரும்பெல்லாம் துருவேறும்.

சூடாக்கியும் மாறவில்லை என்றால் கரைசல் நீர்த்திருக்கலாம். அரை லிட்டர் தண்ணீருக்கு 200 முதல் 250 கிராம் மஞ்சள் நிறக் கட்டி என்பது என் அளவு. கறுப்புத் தூளாகக் கிடைத்தால் இன்னும் கவனம் வேண்டும்: அது ஈரமே இல்லாத வகை, தண்ணீர் பட்டதும் கொதிக்கும். குளிர்ந்த தண்ணீரில் தூளைச் சிறிது சிறிதாகப் போடவேண்டும்; தூளின் மேல் ஒருபோதும் தண்ணீரை ஊற்றக்கூடாது. மொட்டை மாடியிலோ திறந்த முற்றத்திலோ, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். பாத்திரம் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றினால் பொங்கிக் கொதித்து ஓட்டையாகும், எவர்சில்வரையும் அரிக்கும்.

அதற்கும் அசையவில்லை என்றால்தான் கரைசல் தீர்ந்துபோனது. புதியது செம்மண் கலந்த தேநீர்போல் இருக்கும். தீர்ந்தது கறுத்துப் பச்சையடித்திருக்கும்.

*சில இடத்தில் மட்டும் மாறவில்லை என்றால்*

மாறாத இடத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பசைபோல் ஏதாவது வந்தால் அது தாளின் வழவழப்புப் பூச்சு. தண்ணீரில் காட்டி பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்துவிட்டு மறுபடியும் போடுங்கள். வட்டமாகத் தெரிந்தால் காற்றுக் குமிழி. செம்பைக் கீழ்முகமாக மிதக்கவிட்டவர்களுக்கு இது வரும். தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தால் வராது.

*ஓரமெல்லாம் போய்விட்டது, நடு மட்டும் நிற்கிறது என்றால்*

ஆட்டாமல் விட்டதால் வந்தது. தட்டை ஒரு பக்கம் தூக்கித் தூக்கி இறக்குங்கள். நடுவுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஓரத் தடங்கள் மெலிந்துபோகும். எனவே ஓரம் முடிந்ததும் அங்கே நீர் புகாத மார்க்கரால் பூசிவிட்டு நடுவை மட்டும் தொடரலாம்.

கரைசல் கண்ணில் பட்டால் கோளாறு பார்ப்பதையெல்லாம் விட்டுவிட்டு, இமையை விரித்துப் பிடித்து ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். எரிச்சல் நின்றாலும் அன்றே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். தீர்ந்த கரைசலைச் சாக்கடையிலோ செடிக்கோ ஊற்றாதீர்கள். அதில் கரைந்திருக்கும் செம்பு மீனுக்கும் மண்ணுக்கும் நஞ்சு. பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, சலவைச் சோடாவை நுரை அடங்க அடங்கச் சிறிது சிறிதாகப் போட்டால் செம்பு சேறாக அடியில் தங்கும். அந்தச் சேற்றைக் காயவைத்து டப்பாவில் மூடி, பெயர் எழுதி, ஆபத்தான கழிவுகளை வாங்குபவர்களிடம் கொடுங்கள். குளிர்பானப் பாட்டிலில் மட்டும் எதையும் வைக்காதீர்கள். நிறம் ஒன்றுபோல் இருக்கும், வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

அறிகுறி 5: செம்பு போகக்கூடாத இடத்தில் போய்விட்டது

*பெரிய கறுப்புப் பரப்புகளில் ஊசிக்குத்து மாதிரி துளைகள் என்றால்* பிரிண்டரின் சிக்கன அச்சு முறையை அணைத்துவிட்டு எடுங்கள். அப்போதும் வந்தால், தட்டில் போடும் முன் நீர் புகாத கறுப்பு மார்க்கரால் பெரிய பரப்புகளை இரண்டு பூச்சு பூசுங்கள். முதல் பூச்சு காய்ந்த பிறகே இரண்டாவது.

*தடங்களின் ஓரம் பல் பல்லாகக் கடித்ததுபோல் இருந்தால்* அதிக நேரம் தட்டில் கிடந்திருக்கிறது. கரைசல் மேலிருந்து மட்டுமல்ல, டோனருக்கு அடியில் பக்கவாட்டிலும் தின்னும். நல்ல கரைசலில், சூட்டோடு ஆட்டினால், வழக்கமான 35 மைக்ரான் செம்பு 10, 15 நிமிடத்தில் முடியும். முடிந்த நொடியில் எடுங்கள். எஃப்.ஆர்.4 என்ற கண்ணாடி இழைப் பலகையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் செம்பு மீதி இருக்கும் இடம் நிழலாகத் தெரியும்.

அறுந்த தடத்தை, ரெசிஸ்டரிலிருந்து வெட்டிய காலை மேலே படுக்கவைத்து ஈயம் ஓட்டி இணைக்கலாம். மூன்று நான்கு இடம்வரை இது நியாயம்.

அறிகுறி 6: துளையிடும்போது ஊசி உடைகிறது, அல்லது வட்டம் பிய்ந்து வருகிறது

கையில் பிடிக்கும் டிரில்லில் கார்பைடு ஊசியைப் போட்டால் உடையத்தான் செய்யும். அது பக்கவாட்டு அசைவைத் தாங்காது. கைக்குச் சாதாரண எஃகு ஊசி, டிரில்லை நிறுத்தியில் (ஸ்டாண்டில்) பொருத்தினால் கார்பைடு. எஃகு ஊசி கண்ணாடி இழைப் பலகையில் விரைவில் மழுங்கும், மழுங்கிய ஊசிதான் வட்டத்தைப் பிய்க்கும். ஐ.சி., ரெசிஸ்டருக்கு 0.8 மி.மீ.; 4007 டையோடு, பின் (pin) வரிசைகளுக்கு 1 மி.மீ. வட்டத்தின் விட்டம் 1.8 மி.மீ.க்குக் குறையாமல் வரைந்திருந்தால் துளை சற்று விலகினாலும் செம்பு மிஞ்சும். அந்தத் தூளில் கண்ணாடி இழை இருக்கிறது. முகக்கவசம் இல்லாமல் துளையிடாதீர்கள், ஊதியும் தள்ளாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

அறிகுறி 7: ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடுகிறது

டோனரைத் துடைத்த பிறகு ஒரு மெல்லிய படலம் மீந்திருக்கும். பச்சை நாரால் ஒரு தேய்ப்பு, ஆல்கஹால் துடைப்பு. அவ்வளவில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பலகை செய்து ஒரு வாரம் வைத்திருந்தால் செம்பு கறுத்திருக்கும். அதற்கும் இதே மருந்து. பிறகு ஃப்ளக்ஸ் (ஈயம் செம்பில் பரவி ஒட்ட உதவும் பசை). பிறகுதான் பற்றவைப்பியின் முனை: கறுத்திருந்தால் ஈர ஸ்பாஞ்சில் துடைத்து, புது ஈயம் பூசுங்கள். 60/40 ஈயக் கம்பிக்கு (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) முனையின் சூடு 320 முதல் 350 டிகிரி சரியாக இருக்கும்.

ஒட்டவில்லை என்று முனையை அழுத்திக்கொண்டே இருந்தால் வட்டம் பலகையை விட்டுக் கிளம்பிவிடும். மூன்று நொடிக்குள் ஒட்டவேண்டும். ஒட்டாவிட்டால் எடுத்து, ஆறவிட்டு, சுத்தம் செய்து மறுபடியும் வையுங்கள். கண்ணாடி இழை இல்லாத பழுப்பு நிறப் பலகையில் வட்டம் இன்னும் சீக்கிரம் கிளம்பும்.

அறிகுறி 8: எல்லாம் பற்றவைத்தாயிற்று, வேலை செய்யவில்லை

மின்சாரத்தைத் துண்டித்து, ஐ.சி.யைச் சாக்கெட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, முதலில் மின்வரவுத் தடத்தையும் தரைத் (கிரவுண்ட்) தடத்தையும் தொடுங்கள். விடாமல் ஒலித்தால் எங்கோ குறுக்குத் தொடர்பு. மயிரிழை அளவு செம்பு இரண்டு தடங்களுக்கு நடுவில் மீந்திருக்கும். பூதக்கண்ணாடியில் தேடி பிளேடால் கீறிவிடுங்கள்.

ஒலிக்கவில்லை என்றால் ஒவ்வொரு தடத்தையும் முனையிலிருந்து முனைவரை தொட்டு வாருங்கள். வரைபடத்தை அச்சிட்டு, சரியான தடத்தைப் பென்சிலால் அடித்துக்கொண்டே போனால் எதையும் தவறவிடமாட்டீர்கள். ஒலி வராத தடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். அதன் மேல் ஈயம் ஓட்டுங்கள்.

தடங்கள் அனைத்தும் சரி என்றால் ஐ.சி. இல்லாமலேயே 9 வோல்ட் பேட்டரியைக் கொடுத்துச் சாக்கெட்டில் மின்னழுத்தம் பாருங்கள். 7805 (5 வோல்ட்டைச் சீராகத் தரும் பாகம்) இருந்தால் அதன் வெளிவாயில் 5 வோல்ட் வரவேண்டும்; வராவிட்டால் பேட்டரி 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா, பாகம் திரும்பி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பாகத்தை மாற்றுங்கள். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவுக்கு ஒரே பாகத்துக்காக மூன்று முறை அலைவது இந்த வரிசையைத் தவறவிடுவதால்தான்.

சுற்றில் 230 வோல்ட் நேரடியாக வருகிறது என்றால் மேலே உள்ள பத்தியை ஒதுக்கிவையுங்கள். ஒலிச் சோதனைவரை நீங்கள் செய்யலாம். மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். அந்தத் தடங்களுக்கும் மற்றவற்றுக்கும் நடுவே 6 மி.மீ.க்குக் குறைவாக இடைவெளி இருந்தால் பலகையையே மாற்றிச் செய்யுங்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அறிகுறி 9: நன்றாக ஓடிய போர்டு சில வாரத்தில் நின்றுவிட்டது, தடங்களில் பச்சை பூத்திருக்கிறது

ஃபெரிக் குளோரைடு முழுவதும் கழுவப்படவில்லை. துளை ஓரங்களில் தங்கியது மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருக்கிறது. கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். பச்சையை பிரஷ்ஷும் ஆல்கஹாலும் கொண்டு எடுத்து, அறுந்த தடங்களைக் கம்பியால் இணையுங்கள். பச்சை ஐ.சி.க்கு அடியிலும் பரவியிருந்தால் பாகங்களைக் கழற்றிக்கொண்டு புதுப் பலகை செய்வதே நல்லது.

அடுத்த பலகைக்கு: தட்டிலிருந்து எடுத்ததும் ஓடும் தண்ணீர், பிறகு ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரில் ஐந்து நிமிடம், மறுபடியும் தண்ணீர், பிறகு வெயிலில் காயவைத்தல். பற்றவைத்து முடிந்ததும் மிச்ச ஃப்ளக்ஸைத் துடைத்து, செம்புப் பக்கம் முழுவதும் நிறமற்ற வார்னிஷை மெல்லிய ஒரு பூச்சாகத் தெளியுங்கள். தெளிக்கும் முன் சாக்கெட், சுவிட்ச், இணைப்பிகளின் வாயை நாடாவால் மூடிவிடுங்கள். வார்னிஷ் உள்ளே போய்விட்டால் அறிகுறி 8-க்குத் திரும்பப் போகவேண்டியிருக்கும்.